தேங்காப்பால் போடாத ஓப்போர்

நெஜமாத்தாம்மா சொல்றேன், சிரிக்காதீங்க. வாயில குண்டூசிய வெச்சிக்கிட்டு சிரிச்சா உள்ள போயிடும். இந்தக் கெபாயா ரவிக்க இப்படித் தொளதொளன்னு தொங்குறதுக்குக் காரணமே ஓப்போர் கோழிதான். வாரத்துல மூணு நாள் ஓப்போர் சாப்பிட்டேன், பத்து மாசத்துல ஒம்பது கிலோ எறங்கிட்டேன்.

பாக்குறீங்க பாருங்க ஒரு பார்வை. எல்லாரும் இப்படித்தான் பாக்குறாங்க. ஓப்போர்னா கெட்டித் தேங்காப்பால், தேங்காப்பால்னா கொழுப்பு, இந்தப் பொம்பள என்னமோ ஒளர்றான்னு. கையத் தூக்கணுமா? இப்படியா. சரி, நீங்க குத்துங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன். வாயில ஊசி வெச்சிருக்குறவங்கன்னா எனக்கு ரொம்ப இஷ்டம். குறுக்க பேச மாட்டாங்க.

எனக்குன்னு ஆரம்பிச்சதில்ல இது. எங்க வீட்டுக்காரருக்காக ஆரம்பிச்சது. போன பெருநாள் முடிஞ்சு ரெண்டாம் வாரம், பள்ளிவாசல் படி அஞ்சு ஏறிட்டு அஞ்சு நிமிஷம் நின்னு மூச்சு வாங்குனாரு. புடிச்சு இழுத்துக்கிட்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்க ஒரு சின்னப் பொண்ணு டாக்டரு. எடை பாத்தா தொண்ணூத்தொண்ணு. ரத்தத்துலயும் கொழுப்பு, கல்லீரல்லயும் கொழுப்பு. அந்தப் பொண்ணு காயிதத்தப் பாத்துச்சு, இவரப் பாத்துச்சு, ஐயா உங்களுக்குக் கொழுப்பு ரொம்ப ஜாஸ்தின்னுச்சு. இத நான் இருபத்தெட்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன், ரத்தம் எடுக்காமயேன்னேன். டாக்டர் சிரிச்சுடுச்சு. இவரு சிரிக்கல.

உக்காந்தே வேல பாக்குறதுல தொடைச் சதையெல்லாம் தளந்துபோச்சாம். புரதம் நெறைய சேக்கணும், கொழுப்ப அறுக்கணும். கோழின்னா தோலெடுத்த நெஞ்சுக்கறி, முட்டைன்னா வெள்ளக்கரு மட்டும், தேங்காப்பால் பக்கமே தல வெச்சுப் படுக்கக் கூடாது. வெளிய வந்ததும் மனுஷன் என்ன சொன்னாருங்குறீங்க? ஓப்போர் இல்லாம பத்து வருஷம் இருக்குறதுக்கு, ஓப்போரோட ஒரு வருஷம் இருந்துட்டுப் போயிடுறேன் அப்படின்னாரு. சொல்லிட்டு எதுத்தாப்புல இருந்த வண்டியில ஒரு வறுத்த வாழப்பழம் வாங்கித் தின்னாரு.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்தாள எடுத்துச் சொல்லியெல்லாம் காப்பாத்த முடியாது, ஏமாத்தித்தான் காப்பாத்தணும்.

மொத தடவ கொழுப்பெடுத்த பால் ஊத்திச் செஞ்சேன். கொதி வந்ததும் திரிஞ்சு போச்சு. தட்டப் பாத்துட்டு, கோழியக் கழுவுன தண்ணிய ஏன் கீழ ஊத்தாம வெச்சிருக்கன்னு கேட்டாரு. ரெண்டாவது தடவ அந்தப் பால்லயே சோளமாவு கரைச்சு ஊத்துனேன். கெட்டியாத்தான் வந்துச்சு, ரொம்பக் கெட்டியா வந்துச்சு, தேர்தல் நோட்டீஸ் ஒட்டலாம். அவரு ஒரு வாய் எடுத்தாரு, உதடு ரெண்டும் ஒட்டிக்கிச்சு. அஞ்சு நிமிஷம் வீடு அமைதியா இருந்துச்சு, அது ஒண்ணுதான் லாபம்.

மூணாவது தடவதான் தாஹு ஞாபகம் வந்துச்சு. வறுக்குற தாஹு இல்ல. சோயாப்பால்ல ஒறைய வெச்சு, தொட்டா ஆடுமே, கரண்டியில அள்ளிக் காலையில இஞ்சித் தண்ணி ஊத்திக் குடிப்போமே, அது. அத எடுத்து அரை டம்ளர் பாலோட மிக்ஸியில போட்டு ஒரு சுத்து விட்டேன். திறந்து பாத்தா, அம்மா, மொதல் பால் புழிஞ்சு வெச்ச மாதிரி இருக்கு. நெறமும் அதே, பதமும் அதே. வாசன மட்டும் இல்ல.

வாசனைக்கு என்ன பண்ணேன் தெரியுமா? சின்ன வெங்காயம், பூண்டு, தனியா, துளி சீரகம், கெமிரிக் கொட்டை ஆறு போடுற எடத்துல ரெண்டே ரெண்டு. எல்லாத்தையும் அரைச்சு ஒரு ஸ்பூன் எண்ணெயில நல்லா மணக்குற வரைக்கும் வதக்கிக்கிட்டேன். எலுமிச்சப்புல்லு, பேரரத்த தட்டிப் போட்டுக் கோழி நெஞ்ச எலும்போட வேக விட்டேன். எலும்போட வேணும், இல்லன்னா சக்கையாயிடும். வெந்தப்புறம் அடுப்ப அணைச்சுட்டுத்தான் தாஹுப் பாலை ஊத்தணும். கொதிக்க விட்டீங்கன்னா போச்சு. கடைசியா தட்டுல போடுறப்ப நெஜத் தேங்காப்பால், பாக்கெட்டுல வாங்குனது, ஒரே ஒரு ஸ்பூன், மேல சுத்தி விட்டுடுவேன். மூக்குக்கு அது போதும். மூக்கு நம்பிட்டா நாக்கு எதுத்துப் பேசாது.

முட்டைக்கு வந்தாத்தான் வேடிக்கை. ஓப்போர்ல முட்ட இல்லன்னா அவரு தட்டத் தொட மாட்டாரு. வேக வெச்சு, ரெண்டா வெட்டி, மஞ்சக்கருவத் தோண்டிப் பூனைக்கு வெச்சிட்டு, தாஹுல மஞ்சப்பொடி போட்டுப் பெசஞ்சு அந்தக் குழியில உருட்டி வெச்சு, திரும்ப ரெண்டையும் ஒட்டிக் கொழம்புல எறக்கிடுவேன். மூணு மாசம் சாப்பிட்டாரு. ஒரு நாள் மட்டும், இப்பல்லாம் கோழி நல்ல தீனி தின்னுது போல, கரு எவ்ளோ மெத்துன்னு இருக்கு பாருன்னாரு. நான் உள்ள போயி முந்தானைய வாயில வெச்சிக்கிட்டேன். பூனை மட்டும்தான் எங்க வீட்ல குண்டாச்சு.

இடுப்புல இன்னும் கொஞ்சம் புடிங்க, பரவால்ல. இனிமே ஏற மாட்டேன்.

ஏமாத்துனது நல்லபடியாத்தான் போயிட்டு இருந்துச்சு. மக ஒரு தராசு அனுப்பியிருந்தா, நம்பர் மின்னுமே, அது. வாரா வாரம் ஏத்தி நிறுத்துவேன். எங்க வீட்ல வியாழன் சாயங்காலத்துலேர்ந்து திங்கக்கெழம காலைல வரைக்கும் இருப்பாரு. அந்த நாலு நாள்ல ஒண்ணே முக்கால் கிலோ எறங்கும். திங்கக்கெழம போனாருன்னா வியாழக்கெழம திரும்பறப்ப ஒன்றரை கிலோ ஏறியிருக்கும். நான் எறக்குறேன், யாரோ ஏத்துறாங்க. என்னய்யா இதுன்னு கேட்டா, ரோட்டுத் தூசின்னாரு. ஒன்றரை கிலோ தூசி.

எங்க போவாரா? வண்டி ஓட்டுறாரு. லாரி. உப்பு லாரி.

ஆமா, உப்புத்தான். ஏம்மா நிறுத்திட்டீங்க, ஊசி குத்திடுச்சா? இந்தக் கடக்கரை ரோட்டுல உப்பு லாரி நூறு ஓடுது. என் புருஷன் ஓட்டுறதும் அதுல ஒண்ணு. நீங்க தைங்க.

வழியில கண்ட கடையில தின்னுறாருன்னுதான் நெனச்சேன். சரின்னு நாலு அடுக்குக் கேரியர்ல ஓப்போர் வெச்சுக் குடுத்தனுப்புனேன். வியாழக்கெழம கேரியர் திரும்பி வந்துச்சு. காலியா, சுத்தமா கழுவி. நல்ல மனுஷன்னு நெனச்சுக்கிட்டே மூடியத் திருப்பறேன், அதுக்குள்ள ரப்பர் வளையம் ஒண்ணு இருக்கும் பாருங்க, அதக் கழட்டி, தனியாத் தேச்சு, காய வெச்சு மாட்டியிருக்கு. எங்க வீட்டுக்காரரு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தின்ன தட்ட எடுத்து ஓரமா வெச்சவரில்ல. ரப்பர் வளையம்னு ஒண்ணு இருக்குறதே அவருக்குத் தெரியாது. அதக் கழட்டிக் கழுவுறது ஒரு பொம்பள. அதுலயும் நல்ல பொம்பள.

கத்தினேனான்னு கேக்குறீங்களா கண்ணாலயே? கத்தல. அடுத்த திங்கக்கெழம ஒரு சின்னக் காயிதத்த மடிச்சு அந்த வளையத்துக்கு அடியில சொருகுனேன். டப்பா கழுவுனதுக்கு நன்றி, இவருக்குக் கொழுப்பு ஆகாது, தயவுசெஞ்சு தேங்காப்பால் போடாதீங்கன்னு எழுதி.

வியாழக்கெழம பதில் வந்துச்சு. அதே எடத்துல. நான் போடறதே இல்ல, இங்க டாக்டர்கிட்ட நானும் கூட்டிட்டுப் போனேன், சோயாப்பால்லதான் செய்யறேன், செமாராங்ல உங்க ஓட்டல்லதான் அள்ளி ஊத்துறீங்கன்னு நெனச்சேன் அப்படின்னு.

ஓட்டலாம். என் சமையல ஓட்டல்னு சொல்லியிருக்காரு அந்தாளு. எனக்கு அந்த எடத்துலதான் மொதல்ல கோவம் வந்துச்சு. நான் திருப்பி எழுதுனேன். ஓட்டல் இல்ல, வீடு, நான் அவரு பொண்டாட்டி, நீங்க யாருன்னு.

இந்தத் தடவ பதில் வர ரெண்டு வாரம் ஆச்சு. வந்த காயிதத்துல ஒரே ஒரு வார்த்த. நானும்.

என்ன பண்ணேனா? அடுப்புல மீன் வறுபட்டுக்கிட்டு இருந்துச்சு. அப்படியே அடுப்படியில உக்காந்துட்டேன். தீயற வாசன வந்ததும் எழுந்து திருப்பிப் போட்டேன். ஒரு பக்கம் கருகிப் போச்சு. அந்தக் கருகுன மீனையே தின்னேன், எலும்பு கூட விடல. எதையாவது கடிக்கணும் போல இருந்துச்சு. இவரு முன்னறையில குறட்ட விட்டுக்கிட்டு இருந்தாரு. போயி நின்னு பாத்தேன். வயிறு ஏறி ஏறி எறங்குது. இந்த வயித்துக்குள்ள ரெண்டு வீட்டுச் சோறு இருக்குன்னு தோணுச்சு. அழுகையும் வந்துச்சு, கூடவே ஒரு சிரிப்பும் வந்து தொலைஞ்சுது.

அந்த வாரமே பஸ் ஏறிட்டேன். அவரு இந்தப் பக்கம் வந்திருந்த நேரமாப் பாத்து, மக வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு. தூபான்ல மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி வீடு, அந்தக் காயிதத்துப் பின்பக்கம் விலாசம் எழுதியிருந்தா. பேரு எண்டாங். கருவாடு விக்கிறா. கல்யாணமாகி ஆறு வருஷம். எங்களுக்கு அத்துப் போச்சுன்னு அவகிட்ட சொல்லியிருக்காரு. செமாராங்லேர்ந்து பாத்தி ஊர் வரைக்கும் அழுதேன், ரெம்பாங் தாண்டுறப்ப கண்ணுல தண்ணியே இல்ல, எறங்குறப்ப பசி. அவ கதவத் தெறந்தா. யாருன்னு கேக்கல. அக்கா, வளையம் பிஞ்சிருக்கு, புதுசு மாத்தணும்னா. அப்புறம் அழுதா. நான் அழுது முடிச்சுட்டு வந்திருந்ததால அவ அழுற வரைக்கும் அவ அடுப்பப் பாத்துக்கிட்டேன்.

நல்லாத்தான் செய்யறா, ஒத்துக்கணும். கெமிரிக்குப் பதிலா வறுத்த சோயாவ அரைச்சுப் போடறா. கொஞ்சம் கசக்கும், ஆனா கெட்டிப்படுது. அதுலேர்ந்து எனக்கு ஒரு யோசன கெடச்சுது, என் பொய் மஞ்சக்கருவப் பாத்து அவ தரையில உருண்டு சிரிச்சா. ரெண்டு பேரும் அன்னைக்கு அந்தாளத் தவிர மத்த எல்லாத்தையும் பேசினோம்.

அவருகிட்ட கேக்கலியா? கேக்கணும்னுதான் நான் குதிச்சேன். எண்டாங்தான் தடுத்தா. அக்கா, இப்ப கேட்டா கோவிச்சுக்கிட்டு ரோட்டோரத்துல போயி ஆட்டுக்கறி தின்னே செத்துப் போவாரு. மொதல்ல கொழுப்பு எறங்கட்டும், அப்புறம் சண்ட போடலாம், சண்ட போடறதுக்கும் எதுத்தாப்புல ஆளு உசுரோட இருக்கணுமே அப்படின்னா. கருவாட்டுக்காரிக்கு அறிவு ஜாஸ்தி. ஒத்துக்கிட்டேன். தூபான்லயும் ஒரு தராசு வாங்கி வெச்சோம். போன்ல நம்பர் அனுப்பிக்குவோம்.

இங்கதாம்மா கத நிக்குது. எனக்குத் தேங்காப்பால் இல்ல. அவளுக்கும் தேங்காப்பால் இல்ல. ஒரு வியாழக்கெழம காலைல தூபான்ல எண்பத்து நாலு அரைன்னு அனுப்புறா. சாயங்காலம் என் வீட்ல ஏத்துனா எண்பத்தாறு. நடுவுல ஒரே ஒரு பகல். காத்தக் குடிச்சா ஏறுமா? நான் எண்டாங்குக்குப் போன் பண்ணி, நீ ஏதோ மறைக்கிறன்னேன். அவ பதிலுக்கு, நீங்கதான் தராசக் கோணலா வெச்சிருக்கீங்கன்னா. பத்து நாள் பேசிக்கல. இருபத்தெட்டு வருஷப் புருஷன்கிட்ட சண்ட போடாதவ, பாத்து நாலு மாசம் ஆன எண்டாங்கோட போட்டேன் அந்தச் சண்டைய.

அப்புறம் ஒரு நாள் அவரு பேன்ட்டத் துவைக்கப் போட்டேன். காக்கி பேன்ட். இடுப்பு ஒரு இஞ்சு சின்னதாக்கியிருக்கு. உள்பக்கம் திருப்பிப் பாத்தேன். அதே நெற நூலு, சாய்வா சாய்வாப் பொடித் தையல், முடிச்சு எங்க இருக்குன்னே தெரியல. கடையில சட்டுன்னு பிரிச்சுத் தச்ச மாதிரி இல்ல, ஒரு பிரியத்தோட தச்ச மாதிரி இருந்துச்சு. போட்டோ எடுத்து எண்டாங்குக்கு அனுப்புனேன். நீ தச்சியான்னு. நான் ஊசி புடிச்சதே இல்லக்கா, நீங்க தச்சீங்கன்னுல்ல நெனச்சேன் அப்படின்னா. நான் பேன்ட்ட இன்னொரு தடவ உள்பக்கம் திருப்பிப் பாத்தேன். அப்புறம் அவ சொன்னா, அக்கா, நாம இனிமே சண்ட போட வேணாம்.

ஊசிய எல்லாத்தையும் கீழ வெச்சிட்டீங்க போலருக்கு. வைங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

தூபான்லேர்ந்து செமாராங்குக்கு லாரியில ஏழு மணி நேரம். அவருக்குப் பத்து ஆகுது. நடுவுல மூணு மணி நேரம் எங்கயோ உக்காந்து திங்கிறாரு, தையல் மெஷின் இருக்குற வீடு. அதான் ரெண்டு பேரும் மூணு மாசமா ரோட்டோர ஊரெல்லாம் தையல் கட தேடுறோம். அவ அந்தப் பக்கத்துலேர்ந்து, நான் இந்தப் பக்கத்துலேர்ந்து. போற கடையிலல்லாம் ஏதாவது துணியக் குடுத்து, சின்னதாக்கி வாங்கி, உள்பக்கம் திருப்பிப் பாப்போம். எனக்கு இது ஒம்பதாவது கட. வீட்ல இருக்குற எல்லா ரவிக்கையும் இப்ப எனக்குக் கச்சிதமா இருக்கு. இந்தக் கெபாயாதான் கடைசி. இந்த லாசம் ஊர்லயும் கெடைக்கலன்னா அடுத்த கடையில போத்துற போர்வையத்தான் சின்னதாக்கிக் குடுங்கன்னு கேட்டிருப்பேன்.

அந்த ஆணியில தொங்குற பச்சச் சட்டைய நான் வந்ததுமே உள்பக்கம் பாத்துட்டேன், நீங்க நாடா எடுக்க உள்ள போனப்ப. அதே சாய்வுப் பொடித் தையல். மன்னிச்சுக்கங்க.

உக்காருங்க. உக்காரும்மா. இனிமே வாங்க போங்கன்னு பேச எனக்கு வரல, நான் உன்னவிடப் பத்து வயசாவது மூத்தவ. சுலிஸ்தான உன் பேரு, வெளிய பலகையில போட்டிருக்கு.

எம்பேரு ருஸ்மினி. செமாராங். அவரு பேர நான் சொல்லணுமா? வார்டோயோ.

ஆமா. அந்த ருஸ்மினிதான். காலைல நான் வந்தப்ப நீ கடயப் பூட்டிட்டு மார்க்கெட் போயிருந்த. பக்கத்து வீட்டு பார்மியம்மா உக்காரச் சொல்லி டீ குடுத்தாங்க. நீ நல்ல பொண்ணு, அஞ்சு வருஷமாத் தனியா இருந்த, இப்பத்தான் அல்லா கண்ணத் தெறந்தான், பெருநாள் கழிச்சு ஷவ்வால்ல நிக்காஹ், மாப்பிள்ள உப்பு லாரிக்காரரு, பாவம் பொண்டாட்டி எறந்துபோச்சுன்னு எல்லாம் சொன்னாங்க. அந்தம்மா எதுல எறந்தாங்கன்னு நான்தான் கேட்டேன். தேங்கா தலையில விழுந்துன்னாங்க. டீ எனக்குப் பொறையேறிப் போச்சு. பத்து மாசமா ஒரு தேங்காய வீட்டுக்குள்ள விடாம அந்தாள உசுரோட வெச்சிருக்கேன், அவரு என்னத் தேங்காயில கொன்னிருக்காரு.

அதுக்கப்புறம் சொன்னாங்க பாரு, அதுலதான் நான் உக்காந்த எடத்துலயே உக்காந்துட்டேன். இந்த ஷாபான் மாசம் எறந்தவங்களுக்கு ஓதுறப்ப, நீ எனக்காக அப்பம் சுட்டு நாப்பது வீட்டுக்குக் குடுத்தியாம். இமாம்கிட்ட சீட்டு எழுதிக் குடுத்தியாம், உன் அம்மா பேருக்கு அடுத்தபடியா. காசன் மக ருஸ்மினின்னு. எங்கப்பா பேரு வரைக்கும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு. அவங்க எடத்துக்கு நான் வர்றேன், அவங்க மனசு நோகக் கூடாதுன்னு சொன்னியாம்.

உன்னத் திட்டணும்னு பஸ்ல வர்றப்ப ஒண்ணு ஒண்ணா யோசிச்சு வெச்சிருந்தேன். நல்ல நல்ல வார்த்தயெல்லாம், எண்டாங்கும் ரெண்டு குடுத்தா. ஒண்ணு கூட வாயில வரல. உசுரோட இருக்குற எனக்கு ஒருத்தரும் ஒரு அப்பம் சுட்டுப் போட்டதில்லம்மா. அதான் கோழியப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டேன். எங்க நிறுத்துறதுன்னு தெரியல, இவ்ளோ தூரம் வந்துடுச்சு.

அழுறதுன்னா அழு. எண்டாங்கும் அழுதா. உன் மேல ஒரு தப்பும் இல்ல, உனக்கு எப்படித் தெரியும்? நிக்காஹ் பண்ணிக்கோ, வேணாம்னு சொல்லு, அது உன் இஷ்டம், நான் அதுல வாய் வெக்க மாட்டேன். எண்டாங் விட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டா, அவ கருவாட்டுக்கு அவளே போதும்ங்கிறா. நான் இன்னும் முடிவு பண்ணல. இருபத்தெட்டு வருஷத்த ஒரு பஸ் பயணத்துல முடிவு பண்ண முடியல. ஆனா ஒண்ணு, நீ எவ்ளோ தேங்காப்பால் ஊத்துற? மொதல் பாலா? ரெண்டு தேங்காயா? அடிப்பாவி. சரி விடு, ஆசையாத்தான் செஞ்சிருப்ப.

எண்டாங் அந்த முக்குல ஐஸ் கடையில உக்காந்திருக்கா, கேரியரோட. எங்க ஓப்போர், கருவாட்டு யாவாரம்னு அவருகிட்ட சொல்லிட்டு அவ நேத்து என் வீட்டுக்கு வந்து, ரெண்டு பேரும் சேந்து செஞ்சது. நாலு பேருக்கு வரும். வியாழக்கெழமன்னா மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னாடி வந்துடுவாருன்னு பார்மியம்மா சொன்னாங்க. மொகத்தக் கழுவிட்டு வந்து நாலு தட்டு எடுத்து வை. அவரு சாப்பிடட்டும், ஒரு வாயி சாப்பிட்டு முடிக்கட்டும், கேக்க வேண்டியத அப்புறமா மூணு பேரும் வரிசயா கேப்போம்.

நெஞ்சுக்கு ஏதும் ஆயிடுமான்னு பயப்படுறியா? ஆகாது. போன வாரம்தான் அந்த டாக்டர் பொண்ணு பாத்துச்சு. கல்லீரல் பாதி தேறிடுச்சு, ரத்தம் சுத்தம், நெஞ்சு கல்லு மாதிரி இருக்குன்னுச்சு. எல்லாம் தாங்குவாரு. தாங்கட்டும்னுதான் இத்தன நாள் காத்திருந்தோம்.

கேக்குதா? அவரு வண்டிதான், ரெண்டு தடவ அடிப்பாரு ஹாரன். இல்ல, நீ உக்காரு, எழுந்திரிக்காத.

கதவ நான் தெறக்குறேன்.